உங்கள் வாட்ஸ்அப் என் கடைக்கு வராமல் இருக்க

திருச்சி கண்டோன்மென்ட்டில், நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வக்காலத்து, மனு, பத்திர நகல் என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் இப்போது பாதிப் பொழுது வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுப்பதிலேயே போய்விடுகிறது. விவாகரத்து, ஜீவனாம்சம், செக் வழக்கு, பங்காளித் தகராறு, சீட்டுப் பணம் என்று எதுவானாலும் வக்கீல் குமாஸ்தா பென் டிரைவோடு வந்து நிற்கிறார். யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதை நான் கடைக்கு வெளியே பேசுவதில்லை, இங்கேயும் பேசப்போவதில்லை. அந்தச் செய்திகள் எந்த வழியாக என் பிரிண்டருக்கு வந்து சேருகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். வழி தெரிந்தால் அடைக்கலாம்.

இதுவரை என் கடைக்கு வந்தவற்றில் ஹேக்கர் திருடிக் கொண்டுவந்தது என்று ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் செய்தியைப் பெற்றவரே கொண்டுவருகிறார். மிச்சமெல்லாம் வீட்டில் திறந்துகிடந்த போனிலிருந்து எடுத்தவை, அல்லது எங்கோ இணைத்துவிட்டு மறந்துபோன கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தவை. “வாட்ஸ்அப்பில்தான் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறதே அக்கா” என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது, 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் இருக்கிறது. உங்கள் போனை விட்டுக் கிளம்பி அடுத்தவர் போனில் போய் இறங்கும் வரை நடுவில் அந்தக் கம்பெனியாலும் படிக்க முடியாது. இறங்கிய பிறகு செய்தி சாதாரண எழுத்தாகத்தான் கிடக்கிறது. ஆகவே இரண்டு முனைகளையும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இணைத்துவிட்டு மறந்த கம்ப்யூட்டர்

முதலில் இதைச் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘லிங்க்டு டிவைசஸ்’ என்பதற்குள் போங்கள். ஐபோனில் அது செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. உங்கள் கணக்கு வேறு எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்ற பட்டியல் வரும். உங்களுக்குத் தெரியாத பெயர் எது இருந்தாலும் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுத்துவிடுங்கள். டெலிகிராமில் இதே பட்டியல் செட்டிங்ஸில் ‘டிவைசஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ உள்ளே பாஸ்வேர்டு பகுதியில் எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்று காட்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் கண்ணெதிரே நடக்கிறது. ஆதார் நகல் வேண்டும் என்று அவசரமாக வருவார்கள். என் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, போனால் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து, படத்தை இறக்கி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடிவிட்டால் முடிந்தது என்று நினைப்பு. மூடினால் கணக்கு வெளியேறாது. அடுத்து வருபவர் அதே பக்கத்தைத் திறந்தால் முந்தைய ஆளின் மொத்த வாட்ஸ்அப்பும் விரிகிறது: அம்மா, மேனேஜர், வீட்டு ஓனர், காலனி குரூப். நான் ஒவ்வொரு ஆள் போனதும் வெளியேற்றிவிடுகிறேன். எல்லாக் கடையிலும் இதற்கு ஆள் இருக்காது.

அதைவிட மோசமான ஒன்று ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டர். பிரிண்ட் எடுக்க இறக்கிய ஒவ்வொன்றும், ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்ற பெயரோடு தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு, அங்கேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். சம்பளச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பேங்க் பாஸ்புக், பெண்ணின் ஜாதகம். லாக் அவுட் செய்தாலும் அவை போகாது. எனவே எந்தக் கடையானாலும் காகிதம் கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். “டவுன்லோட்ஸில் இருப்பதை ஷிஃப்ட் டெலீட் போடுங்கள்” என்று சொல்லி, நின்று பார்த்துவிட்டு நகருங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில்தான் போய் உட்காரும். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும். ஆதாரைக் கேட்கிற பல இடங்களில் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் அந்தப் பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட நல்லது, அந்த ஒரு ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவருவது.

பேக்கப் என்னும் பின்கதவு

வாட்ஸ்அப் தானாக எடுக்கும் பேக்கப் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ போய்ச் சேருகிறது. நீங்களாகச் சொல்லாவிட்டால் அந்தப் பிரதிக்கு மேலே சொன்ன என்கிரிப்ஷன் கிடையாது. இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். டிரம்ப்பின் 2016 தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர்களில் ஒருவரான பால் மனஃபோர்ட், சாட்சிகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார் என்று 2018-இல் அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது. செய்திகள் எப்படிக் கிடைத்தன? சாட்சிகளே கொடுத்தார்கள். அவருடைய ஐகிளவுட் கணக்கிலிருந்தும் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பின் பூட்டை யாரும் தொடவே இல்லை.

2021 அக்டோபரிலிருந்து இதற்கும் பூட்டு வந்துவிட்டது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதற்குள் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’. ‘டர்ன் ஆன்’ கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்று தரும். பாஸ்வேர்டே போதும். அதை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். போனும் தொலைந்து பாஸ்வேர்டும் மறந்துபோனால் அந்தப் பேக்கப்பை வாட்ஸ்அப் நினைத்தாலும் திறந்து தர முடியாது. பேரனின் முதல் பிறந்தநாள் படம் போய்விட்டதே என்று அப்புறம் அழக்கூடாது. உங்கள் பக்கம் பூட்டிவிட்டு எதிர்ப்பக்கம் பூட்டாமல் இருந்தால் அதே செய்திகள் அவருடைய பேக்கப்பில் திறந்து கிடக்கும். நெருக்கமானவர்கள் என்றால் அவர்கள் போனிலும் இதைப் போட்டுக்கொடுங்கள்.

பேக்கப்போடு சேர்த்து முடிக்க வேண்டிய ஒன்று, செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்’ உள்ளே இருக்கும் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’. ஆறு இலக்க எண் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். “தவறுதலாக உங்கள் நம்பருக்கு ஒரு ஓடிபி வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள்” என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வந்து, நீங்களும் அனுப்பிவிட்டால்கூட, இந்த எண் இல்லாமல் கணக்கை அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது.

எந்த செயலியில் எதை எழுதலாம்

இந்தப் பகுதியில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். டெலிகிராம் ரகசியமானது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அதில் சாதாரணமாக அனுப்பும் செய்திகள் அந்தக் கம்பெனியின் சர்வரில்தான் இருக்கின்றன, முனைக்கு முனை பூட்டு கிடையாது. குரூப்புகளுக்கு அறவே இல்லை. எதிராளியின் பெயரைத் தொட்டு, மூன்று புள்ளிகளுக்குள் ‘ஸ்டார்ட் சீக்ரெட் சாட்’ என்று நீங்கள் தனியாகத் தொடங்கும் இருவர் உரையாடலுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. அதைத் தொடங்கியவர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இன்ஸ்டாகிராமில் சாதாரணமாகப் போகும் மெசேஜுக்கும் அந்தப் பூட்டு இல்லை. ஃபேஸ்புக் மெசஞ்சரில் தனிச்செய்திகளுக்குத் தானாகவே பூட்டு விழும் முறை 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நிலைமை என்ன என்பதை 2022-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பார்த்தோம். கருக்கலைப்பு பற்றி ஒரு தாயும் மகளும் மெசஞ்சரில் எழுதிக்கொண்டதை, போலீஸ் நீதிமன்ற உத்தரவோடு கேட்டது, கம்பெனி எடுத்துக் கொடுத்தது. படிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பவர், சட்டப்படி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதே போன்ற கேள்வி வேறொரு வழக்கில் 2016-இல் சிக்னல் செயலிக்குப் போனபோது, கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிரக் கொடுக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. யார் யாரோடு பேசினார்கள் என்ற விவரம்கூட இல்லை.

என் யோசனை: மருத்துவம், பணம், குடும்பச் சண்டை இவற்றை இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் போதும். வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ என்று ஒரு வட்டம் வந்திருக்கிறதே, அதனிடம் கேட்பது வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கே எழுதுவதுதான், அதற்கு இந்தப் பூட்டு பொருந்தாது. வங்கி, ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி போன்ற வணிகக் கணக்குகளுக்கு அனுப்புவதை அங்கே வேலை பார்ப்பவர் யாரும் படிக்கலாம். இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் சிக்னல். ஆனால் சிக்னலும் ஆளைப் பார்த்துத்தான் காப்பாற்றும். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மிக உயர்ந்த அதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குரூப்பில், ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். நம் கல்யாண குரூப்புகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்கே தெரியாது.

எதிர்முனை

கடையில் நான் அதிகம் அச்செடுப்பது ‘எக்ஸ்போர்ட் சாட்’. உரையாடலைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘மோர்’ உள்ளே போனால் இருக்கிறது. இரண்டு மூன்று தொடுதலில் வருஷக்கணக்கான பேச்சு ஒரு எழுத்துக் கோப்பாக வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், பெயர், பிறகு செய்தி. படங்களைச் சேர்க்காவிட்டால் அந்த இடத்தில் படம் விடப்பட்டது என்று ஒரு குறிப்பு நிற்கும். நீங்கள் அழித்தது தெரியாமல் போகும் என்று நினைக்காதீர்கள். ‘செய்தி அழிக்கப்பட்டது’ என்ற வரி தேதியோடு விழுகிறது. என்ன எழுதி அழித்தாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதற்கு அதுவே போதும்.

நேரில் பார்க்காதவர்களுக்குத் தெரியாத ஒன்று, என் பழைய கம்ப்யூட்டரில் எமோஜி அச்சாகாது. வெறும் கட்டமாக விழும். “உன்னைக் கொன்றுவிடுவேன்” என்று எழுதிப் பின்னால் நான்கு சிரிப்பு முகங்கள் போட்டிருப்பார். தாளில் “உன்னைக் கொன்றுவிடுவேன்”, பக்கத்தில் நான்கு வெற்றுக் கட்டங்கள். அப்படி ஒரு தாள் வந்தால், படங்களோடு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொல்வேன். சில நேரம் கேட்பார்கள்.

இதற்கு முழு மருந்து கிடையாது. செய்தியைப் பெற்றவர் அதைக் காட்ட நினைத்தால், இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்துக்கூடக் காட்டலாம். குறைக்க மட்டும் வழி இருக்கிறது. உரையாடலின் மேலே பெயரைத் தொட்டால் ‘டிஸப்பியரிங் மெசேஜஸ்’ வரும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடு. இனி அனுப்புவதற்குத்தான் அது பொருந்தும், பழையது அப்படியே இருக்கும். நான் 90 நாளைச் சொல்வேன். கோபத்தில் எழுதிய பழைய குப்பை தானாகப் போகட்டும், போன வாரம் பேசிய விலை மட்டும் நினைவில் இருந்தால் போதும். அதே இடத்தில் ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’ என்று 2025-இல் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மேலே சொன்ன எக்ஸ்போர்ட் நடக்காது, படங்களும் தானாக எதிராளியின் கேலரியில் போய் விழாது. ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஒரு முறை மட்டும் பார்க்கும் ‘வியூ ஒன்ஸ்’ படத்துக்கு ஸ்கிரீன்ஷாட் தடை உண்டு. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கேமராவுக்கு ஏது தடை? யார் கையிலும் இருக்கக்கூடாத படம் என்றால் எந்த வசதியை நம்பியும் அனுப்பாதீர்கள், கட்டிய கணவனுக்கானாலும் சரி.

வீட்டுக்குள்

பூட்டிய திரையிலேயே செய்தியின் முழு வாசகமும் தெரிகிறது என்றால் மேலே செய்ததெல்லாம் வீண். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ‘ஷோ பிரிவியூஸ்’ என்பதை ‘வென் அன்லாக்டு’ என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் இடம் மாறும். நோட்டிஃபிகேஷன் பகுதியில் லாக் ஸ்கிரீன் என்று தேடினால், உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி கிடைக்கும். ஓடிபியும் இதனால் மறையும்.

“அக்கா, அவர் போனில் அழித்ததை எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டு வருபவர்களில் மனைவிமாரும் உண்டு, கணவன்மாரும் உண்டு. நான் செய்வதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், எங்கள் பக்கத்துக்கு உரிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தெளிவாகச் சொன்னது: கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவளுடைய அழைப்புப் பட்டியல் சாட்சியமாகாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவியோடு பேசியதை அவருக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. வக்கீல்கள் டீக்கடையில் இதை வைத்து மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான். திருட்டுத்தனமாக எடுத்தது கோர்ட்டில் நிற்காது என்ற தைரியத்தில் எதையும் எழுதி வைக்காதீர்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் போனுக்குத் தனி பாஸ்வேர்டு வைப்பதில் தப்பே இல்லை. குறிப்பிட்ட ஓர் உரையாடலை மட்டும் மறைக்க, அதை அழுத்திப் பிடித்து ‘லாக் சாட்’ கொடுக்கலாம்.

போன் ரிப்பேருக்குப் போகும்போது பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வருவது இங்கே சகஜம். டிஸ்பிளே மாற்ற அது தேவையில்லை. புது சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ இருக்கிறது. போட்டுக் கொடுத்தால் ரிப்பேர்க்காரரால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் படமும் செய்தியும் அவருக்குத் தெரியாது.

யாராவது மிரட்டினால்

இதுவரை சொன்னதற்கு நேர் எதிரானது இது. யாராவது உங்கள் செய்தியையோ படத்தையோ வைத்து மிரட்டினால் எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் எல்லோரும் செய்வது பிளாக் செய்து மொத்த உரையாடலையும் அழிப்பதுதான். பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. அந்த உரையாடலில் டிஸப்பியரிங் போட்டிருந்தால் உடனே அணையுங்கள், கெடு முடியுமுன் வந்தவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எதிராளியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, நம்பர் தெரியும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பிலேயே ‘ரிப்போர்ட்’ கொடுத்தால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும். அது கணக்கை முடக்க உதவலாம், போலீஸ் புகாருக்கு ஈடாகாது. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம், பணம் போயிருந்தால் உடனே 1930. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட படம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏறாமல் தடுக்க ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் இருக்கிறது. படத்தை அனுப்ப வேண்டியதில்லை, அதன் அடையாள எண்ணை மட்டும் உங்கள் போனே கணக்கிட்டு அனுப்பும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கானது அது.

வழக்கு என்று வந்தால் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, அச்செடுத்த செய்திகளோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தர வேண்டும். ஒன்றை நீங்கள் கொடுக்க வேண்டும், மற்றதை நிபுணர் ஒருவர் கொடுக்க வேண்டும். எந்தப் போன், அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண் என்ன, கோப்புக்குக் கைரேகை போன்ற ஹாஷ் எண் என்ன என்பதெல்லாம் அதில் வரும். போனையே விற்றுவிட்டு வெறும் தாளோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

கடைசியாக, பழைய நம்பரைக் கைவிடுகிறவர்களுக்கு. சிம்மை வீசினால் அந்த நம்பர் சாகாது. முடக்கிய நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ கொடுத்துப் புது நம்பருக்கு மாற்றிவிடுங்கள். வங்கி, ஃபேஸ்புக், ஜிமெயில் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். உங்கள் பழைய நம்பர் இருக்கும் குரூப்புகளின் அட்மின்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.